300 கிலோமீட்டருக்கு ஏழு குறைந்தது

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நாகப்பட்டினம் கீச்சாங்குப்பத்தில் என் சித்தியும் அவருடைய இரண்டு பையன்களும் சுனாமியில் போய்விட்டார்கள். ஒவ்வொரு வருடமும் அந்த நாளுக்கு பஸ்ஸில் போவேன். இந்த முறை சைக்கிளில் போகிறேன், கிலோமீட்டருக்கு ஐந்து ரூபாய் தருவீர்களா என்று தெரிந்தவர்களிடம் கேட்டேன். நாற்பது பேர் சம்மதித்தார்கள். திருவான்மியூரிலிருந்து 300 கிலோமீட்டர், ஆக மொத்தம் 60,000 ரூபாய். ஊரில் நர்சிங் படிக்கும் இரண்டு பெண்களின் கட்டணத்துக்கு அது.

பத்து வாரம் பழகினேன். முதல் ஞாயிறு முட்டுக்காடு போய்த் திரும்புவதற்குள் நாக்கு தள்ளிவிட்டது. அப்புறம் மாமல்லபுரம், போக வர ஏறக்குறைய 90. முழங்காலின் முன்பக்கம் வலித்துக்கொண்டே இருந்தது. வயதாகிவிட்டது என்று நினைத்தேன். பார்த்தால் சீட் தாழ்வாக இருந்திருக்கிறது! பெடல் அடிமட்டத்தில் இருக்கும்போது குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டுமாம். ஒரு அங்குலம் ஏற்றினேன், இரண்டு வாரத்தில் வலி போய்விட்டது. இதை முதல் நாளே யாராவது சொல்லியிருக்கலாம்.

23-ஆம் தேதி அதிகாலை நாலரைக்குக் கிளம்பினேன். டிசம்பரில் தெற்கே போகிறவனுக்கு வாடைக்காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும். மரக்காணம் வரை அப்படித்தான் போனது. மழைக்காலம் என்பதால் உப்பளங்களில் வெறும் தண்ணீர். புதுச்சேரியில் இரவு தங்கினேன், 140.

சித்தியை நினைத்துக்கொண்டே மிதிப்பேன் என்று நினைத்திருந்தேன். உண்மையில் நினைத்ததெல்லாம் இட்லி, நிழல், உட்காரும் இடத்தில் எரிச்சல். இரண்டாம் நாள் கடலூர் தாண்டி பின் சக்கரம் பஞ்சர். ஸ்பேர் ட்யூபை மாட்டிக் காற்றடித்தேன், பத்து நிமிடத்தில் மறுபடி இறங்கிவிட்டது. டயருக்குள் குத்தியிருந்த கம்பித் துணுக்கை எடுக்காமலே மாட்டியிருக்கிறேன். மழை வேறு. சிதம்பரம் போய்ச் சேர இருட்டிவிட்டது.

மூன்றாம் நாள் கொள்ளிடம், சீர்காழி. தரங்கம்பாடியில் 1620-இல் கட்டிய டேனிஷ் கோட்டையைப் பார்க்க ஆசைதான், ஆனால் கடற்கரைப் பக்கம் திரும்ப மனம் வரவில்லை. காரைக்கால் தாண்டி நாகையில் மாமா வீட்டு வாசலில் இறங்கி மீட்டரைப் பார்த்தேன். 293.

"ஏழுதானே, யாருடா பாக்கப் போறா?" என்றான் போனில் நண்பன். சரிதான். ஆனால் நாற்பது பேருக்கு முன்னூறு என்று சொல்லியிருக்கிறேனே.

மாமா இப்போது சுனாமி குடியிருப்பில் இருக்கிறார். மறுநாள் காலை அங்கிருந்து கீச்சாங்குப்பம் கடற்கரைக்குச் சுற்றுப் பாதையில் போய் வந்து மீதி ஏழு கிலோமீட்டரை முடிக்கலாம் என்றேன். "நானும் வர்றேன், இரு" என்று சொல்லி, கேரியரில் பால் செம்பைக் கட்டிய பழைய சைக்கிளை வெளியே உருட்டினார். கடலுக்குப் போவதை நிறுத்தியவர் அவர். இத்தனை வருடமும் பாலை என்னிடம் கொடுத்தனுப்புவதோடு சரி.

வழியில் மாமா பேசவில்லை. ஒரு இடத்தில் மட்டும், "மெதுவா மிதி தம்பி, பால் சிந்துது" என்றார்.

கரையில் கூட்டம். எல்லோரும் பூவும் பாலும் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். மாமா முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி, செம்பைக் கவிழ்த்து, கழுவி எடுத்துக்கொண்டு வந்தார். வீடு திரும்பியபோது மீட்டர் 301 காட்டியது. அந்த ஒரு கிலோமீட்டருக்கும் சேர்த்துத் தருவதாக ஆறு பேர் செய்தி அனுப்பியிருந்தார்கள்.