தண்ணீர் ராக்கெட்: எவ்வளவு தண்ணீர், எவ்வளவு காற்று?

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுடன் தண்ணீர் ராக்கெட் வேலை ஓடிக்கொண்டிருக்கிறது. பிளாஸ்டிக் பாட்டிலில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் காற்றடித்து விட்டால், காற்று தண்ணீரைக் கீழே தள்ள, பாட்டில் மேலே பறக்கும். ஆரம்பத்தில், ரப்பர் கார்க்கில் துளை போட்டு சைக்கிள் டியூப் வால்வைச் செருகி, பாட்டிலைக் கவிழ்த்து வைத்துக் காற்றடித்தோம். பறந்தது. ஆனால் எப்போது பறக்கும் என்பது கார்க்கின் இஷ்டம். இறுக்கிச் செருகினால் ஓர் அழுத்தம், லேசாகச் செருகினால் வேறு. வேடிக்கை காட்ட இது போதும், அளந்து பார்க்க உதவாது.

அதனால் இப்போது பிவிசி குழாய்க்கு மாறிவிட்டோம். பாட்டில் வாய்க்குள் நுழையும் குழாய், அதைச் சுற்றி நிற்கும் கேபிள் டைகளின் (வயர்களைக் கட்டும் பிளாஸ்டிக் பட்டைகள்) தலைகள் பாட்டில் கழுத்தைப் பிடித்துக்கொள்ளும். மேலே ஒரு பெரிய குழாய்த் துண்டு அவற்றை இறுக்கி வைக்கும். தூர நின்று கயிற்றை இழுத்தால் அந்தத் துண்டு கீழே இறங்கும், ராக்கெட் விடுபடும். பம்பில் உள்ள மீட்டர் 30 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) காட்டும்போதுதான் இழுப்பது என்று வைத்திருக்கிறோம்.

பாட்டில் விஷயத்தில் மட்டும் நான் கறார். சோடா, கோலா வந்த 2 லிட்டர் பாட்டில்தான். குடிநீர் பாட்டில் அழுத்தம் தாங்கச் செய்யப்பட்டதல்ல. சூடான பசையும் வேண்டாம், பாட்டில் சுவரை அது இளக்கிவிடும். பழைய பிளாஸ்டிக் ஃபைல் அட்டையில் வெட்டிய மூன்று இறக்கைகளை டேப் போட்டே ஒட்டினோம்.

பிள்ளைகளுக்கு ருசித்தது தண்ணீர்க் கணக்குதான். வெறும் காற்றை அடைத்து விட்டால் 'டப்' என்று ஒரு துள்ளல், அவ்வளவுதான். வெளியே தள்ள எடையுள்ள பொருள் இல்லையே! முக்கால் பாட்டில் நிரப்பினால் ராக்கெட் கனக்கும், காற்றுக்கு இடமும் குறையும். உள்ளே இருக்கும் காற்றுதான் அமுக்கி வைத்த ஸ்பிரிங், அது சின்னதானால் உந்துதல் சீக்கிரம் செத்துவிடும். மூன்றில் ஒரு பங்கு, அதாவது 650 மில்லி பக்கத்தில், நன்றாக எழும்பியது. 30 பிஎஸ்ஐ-யில் தண்ணீர் கிளம்பும் வேகம் நொடிக்குச் சுமார் 20 மீட்டர். கணக்குப் போட்டு மணிக்கு 72 கிலோமீட்டர் என்று வந்ததும், "பஸ்ஸை விட வேகம் சார்!" என்றான் ஒருவன்.

விழுந்த பாட்டிலுக்குள் வெள்ளையாக இருப்பதைப் பார்த்துப் புகை என்றார்கள். புகையில்லை, பனிமூட்டம். அழுத்தத்தில் இருந்த காற்று சட்டென விரியும்போது குளிர்கிறது, உள்ளே இருக்கும் நீராவி துளிகளாகிவிடுகிறது. பாடப்புத்தகத்தில் மேகம் பற்றிப் படித்ததைக் கையில் பிடித்துப் பார்த்த மாதிரி ஆயிற்று.

நேராகப் பறக்க அழகான இறக்கையைவிட மூக்கில் கொஞ்சம் களிமண் முக்கியம். எடை முன்பக்கம் இருக்க வேண்டும். தண்ணீர் இல்லாத ராக்கெட்டை எடை சமமாகும் இடத்தில் நூலால் கட்டித் தலைக்கு மேல் சுற்றிப் பார்ப்போம். மூக்கு முன்னால் போனால் ஏவலாம், குட்டிக்கரணம் போட்டால் இன்னும் களிமண்.

உயரம் அளக்க கோணமானியில் நூல் கட்டி ஒரு நட்டைத் தொங்கவிட்டோம். 20 மீட்டர் தள்ளி நின்று பார்க்கும்போது உச்சி 45 பாகையில் தெரிந்தால் உயரமும் 20 மீட்டர், கூடவே பார்ப்பவரின் கண் உயரம். காற்று வீசும் நாளில் இந்தக் கணக்கு ஒத்துவராது. ராக்கெட் சாய்ந்து போய்விடும்.

அடுத்தது பாராசூட். பாலித்தீன் பையில் வெட்டித் தயாராக இருக்கிறது. உச்சியில் மூக்குக்கூம்பு தானாகக் கழன்று விழ என்ன வழி என்றுதான் இப்போது சண்டை நடக்கிறது.