சைக்கிளில் செயின் எங்கே இருக்கிறது?

ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு, எதையும் பார்க்காமல் ஒரு சைக்கிள் வரைந்து பாருங்கள். அழகெல்லாம் வேண்டாம். செயின் எங்கிருந்து எங்கே போகிறது, பெடல் எங்கே இருக்கிறது, எந்தக் கம்பி எதோடு சேர்கிறது, இவ்வளவு சரியாக இருந்தால் போதும்.

சில மாதங்களுக்கு முன்னால் நான் வரைந்தேன். சின்ன வயதிலிருந்து ஓட்டியவள், கழன்ற செயினைக் கையெல்லாம் கிரீஸோடு மாட்டியவள், அப்படியிருந்தும் என் படத்தில் செயின் முன் சக்கரத்தையும் பின் சக்கரத்தையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டு போயிருந்தது. பக்கத்தில் இருந்த பையன் எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, நீ போட்ட மாதிரி இருந்தா ஹேண்டிலைத் திருப்பவே முடியாதே" என்றான். உண்மைதான். அன்று முழுக்க அது மனதை விட்டுப் போகவில்லை. ஆயிரம் முறை தொட்ட பொருளை நான் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை என்றால், தெரியும் என்று நினைத்துக்கொண்டு இன்னும் எத்தனை விஷயங்களைக் கடந்து போய்க்கொண்டிருக்கிறேன்?

லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் ரெபெக்கா லாசன் என்ற உளவியலாளர் இதையே ஆராய்ச்சியாகச் செய்து 2006-இல் வெளியிட்டிருக்கிறார். சைக்கிள் ஓட்டாதவர்கள் நிறையவே தவறினார்கள், ஓட்டுபவர்களிலும் சிலர் தவறினார்கள். அதற்கு முன்பே, 2002-இல், யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோசன்ப்ளிட், கீல் இருவரும் ஜிப், பூட்டு மாதிரியான பொருள்கள் எப்படி வேலை செய்கின்றன என்று எந்த அளவுக்குத் தெரியும் என்று ஆட்களிடம் மதிப்பெண் போடச் சொன்னார்கள். பிறகு, "சரி, படிப்படியாக விளக்குங்கள்" என்றார்கள். விளக்க முயன்ற பிறகு, அதே ஆட்கள் தங்களுக்கே குறைத்து மதிப்பெண் போட்டுக்கொண்டார்கள்.

வயது ஏற ஏற மூளை மழுங்குகிறது என்று பயப்படுகிறோம். பெயர் மறக்கிறது, சாவியை வைத்த இடம் மறக்கிறது என்று கவலைப்படுகிறோம். என்னைக் கேட்டால் அதைவிடக் கவலைப்பட வேண்டியது, எதைப் பார்த்தாலும் "இதுதான் தெரியுமே" என்று தோன்ற ஆரம்பிப்பது. அந்த நினைப்பு வந்துவிட்டால் கேள்வி வராது, கேள்வி வராத இடத்தில் மூளைக்கு என்ன வேலை இருக்கிறது?

அப்புறம் நான் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துவைத்து உட்கார்ந்து பார்த்தேன். பெடலோடு சேர்ந்த பெரிய பல்சக்கரத்திலிருந்து பின் சக்கரத்தின் சின்னப் பல்சக்கரத்துக்கு மட்டும்தான் செயின் போகிறது. அது புரிந்ததும் அடுத்த கேள்வி வந்தது. மிதிப்பதை நிறுத்தினால் டிக் டிக் டிக் என்று ஒரு சத்தம் வருமே, அது எங்கிருந்து வருகிறது? சைக்கிள் ரிப்பேர் செய்யும் ஒருவர் பழைய ஃப்ரீவீல் ஒன்றைப் பிரித்துக் காட்டினார், பின் சக்கரத்தின் அந்தச் சின்னப் பல்சக்கரம்தான் அது. உள்ளே ரம்பம் மாதிரி ஒரு பக்கம் சரிந்த பற்கள், அவற்றின் மேல் ஸ்பிரிங் அழுத்திப் பிடித்திருக்கும் குட்டிக் கொக்கிகள். மிதிக்கும்போது கொக்கி பல்லில் மாட்டிச் சக்கரத்தைத் தள்ளுகிறது. மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் ஓடிக்கொண்டேதானே இருக்கிறது, அப்போது கொக்கி ஒவ்வொரு பல்லின் சரிவிலும் ஏறி ஏறி விழுகிறது. அந்த விழும் சத்தம்தான் டிக் டிக். இத்தனை வருஷம் கேட்ட சத்தத்துக்கு அன்றுதான் ஓர் உருவம் கிடைத்தது. இன்றும் தெருவில் யாராவது மிதிக்காமல் உருண்டு போனால் அந்தக் கொக்கிகள் என் கண்முன் குதிக்கின்றன.

இப்படி ஆசைப்பட்டுத் தெரிந்துகொண்டது ஏன் ஒட்டிக்கொள்கிறது என்பதற்கு ஓரளவு விடை இருக்கிறது. 2014-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் க்ரூபரும் அவருடைய குழுவினரும் பொது அறிவுக் கேள்விகள் கேட்டு, விடை வருவதற்கு முன்னால் சில விநாடிகள் காக்க வைத்தார்கள். அந்த இடைவெளியில் சம்பந்தமே இல்லாத ஒரு முகத்தைக் காட்டினார்கள். விடைக்காக ஆவலோடு காத்திருந்தபோது பார்த்த முகங்கள் பிறகு கூடுதலாக நினைவில் இருந்தன. அந்த நேரத்தில் மூளையில், ஆவலைத் தூண்டும் டோபமின் என்ற வேதிப்பொருள் சார்ந்த பகுதியும் நினைவுக்கு வேலை செய்யும் ஹிப்போகாம்பஸும் சுறுசுறுப்பாக இருந்தன. ஆவல் வந்துவிட்டால் கதவு திறந்துவிடுகிறது, பக்கத்தில் நிற்பதும் சேர்ந்து உள்ளே வந்துவிடுகிறது.

தினம் குறுக்கெழுத்துப் போடுகிறேன், அது போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. பிடித்திருந்தால் தாராளமாகப் போடலாம். ஆனால் பத்து வருஷமாகப் போடுபவருக்கு அது பழகிய பாதை. டெனிஸ் பார்க் என்பவரின் குழு டெக்சாஸில் 60 முதல் 90 வயது வரையிலானவர்களை வைத்து ஓர் ஆராய்ச்சி நடத்தியது. சிலர் மூன்று மாதம், வாரத்துக்குச் சுமார் 15 மணி நேரம், டிஜிட்டல் புகைப்படக்கலையோ ஒட்டுத்துணித் தையலோ புதிதாகக் கற்றார்கள். வேறு சிலர் அதே அளவு நேரம் கூடிப் பேசினார்கள், ஒன்றாக ஊர் சுற்றினார்கள். நினைவாற்றல் கூடியது புதிதாகக் கற்றவர்களுக்குத்தான். தடுமாறித் தடுமாறிக் கற்கும்போது இருக்கும் அந்தச் சிரமத்தில்தான் பலன் இருக்கிறது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். இதனால் மறதி நோயே வராது என்று யாரும் உறுதி தர முடியாது, அப்படிச் சொல்லி எதையாவது விற்க வருபவர்களை நம்பாதீர்கள்.

படித்தது நிற்கவேயில்லை என்பவர்களுக்கு ஒரே ஒரு பழக்கத்தைச் சொல்வேன். புத்தகத்தை மூடிவிட்டு, படித்ததை வெற்றுத் தாளில் எழுதிப் பாருங்கள். ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் காட்டியது இதுதான்: திரும்பத் திரும்பப் படித்த மாணவர்களைவிட, படித்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து அதிகம் ஞாபகம் இருந்தது. ஆனால் திரும்பத் திரும்பப் படித்தவர்களுக்குத்தான் தங்கள் மேல் நம்பிக்கை அதிகமாக இருந்தது! என் சைக்கிள் படத்தை நினைத்துக்கொண்டேன்.

இப்போது எனக்கு நிலா. பகலில் நிலா ஏன் தெரிகிறது என்று யோசிக்கப் போய், ஒரு மாதம் முழுக்க நோட்டில் குறித்தேன். ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிஷம் தாமதமாக உதிக்கிறது. வளர்பிறையின் அரை நிலா நண்பகல் வாக்கில் உதித்து நள்ளிரவு வாக்கில் மறைகிறது, தேய்பிறையின் அரை நிலா நள்ளிரவில் வந்து மறுநாள் நண்பகல் வரை நிற்கிறது. அதனால் சாயங்காலம் பகல் வெளிச்சத்தில் நிலாவைப் பார்த்தால் அது வளர்ந்துகொண்டிருக்கிறது, காலையில் பார்த்தால் தேய்ந்துகொண்டிருக்கிறது. இவ்வளவு எளிய விஷயம், நாற்பது வயதுக்கு மேல்தான் எனக்குத் தெரிந்தது, தெரிந்த அன்று வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

அடுத்த கேள்வியும் வந்தாயிற்று. முழு நிலா அடிவானத்தில் இருக்கும்போது ஏன் அவ்வளவு பெரிதாகத் தெரிகிறது? கையை நீட்டிச் சுண்டுவிரலால் மறைத்துப் பார்த்தேன், கீழே இருந்தபோதும் நகத்துக்குள் அடங்கியது, உச்சிக்குப் போன பிறகும் அதே நகத்துக்குள் அடங்கியது. ஆக, பெரிதாவது நிலா இல்லை, நம் மூளைதான் அப்படிக் காட்டுகிறது. எதனால் என்பதில் அறிஞர்களுக்குள்ளேயே இன்னும் ஒரே கருத்து இல்லை. அடுத்த பௌர்ணமிக்கு, தாளைக் குழாயாகச் சுருட்டி, சுற்றியுள்ள மரமும் கட்டிடமும் தெரியாமல் அதன் வழியாகப் பார்த்தால் சிறிதாகிறதா என்று பார்க்கப் போகிறேன். பையனும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான்.