எட்டு நாற்காலிச் சுஷிக் கடை

2024 ஜூலை 12, வெள்ளி

தோக்கியோவில், இந்த நிஷி-கசாய்க்குக் குடிவந்து மூன்று வருஷம். ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு நடக்கிற வழியில் இருக்கும் சுஷிக் கடைக்குள் இன்றைக்குத்தான் போனேன். வாசலில் நீலத் துணி தொங்கும்; உள்ளே யார், என்ன விலை, எதுவும் வெளியே தெரியாது. அந்தத் தயக்கத்திலேயே இத்தனை நாள் போய்விட்டது.

எட்டே நாற்காலி. பலகைக்கு அந்தப் பக்கம் பெரியவர் ஒருவர். எல்லோரும் ‘தாய்ஷோ’ என்கிறார்கள்; கடைத் தலைவரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவர் மனைவி பெரிய கோப்பையில் பச்சைத் தேநீர் வைத்தார். 1979-ல் இங்கே ஸ்டேஷன் திறந்த கொஞ்ச காலத்தில் வந்து கடை போட்டவர்களாம்.

முதலில் வைத்தது கோஹதா. வெள்ளித் தோலில் கரும்புள்ளி போட்ட சின்ன மீன்; உப்பும் வினிகரும் ஏற்றி, ஒரு பிடி வினிகர் சோற்றின் மேல் வைத்தது. முதலில் புளிப்பு, பிறகு உப்பு, கடைசியில் மீனின் கொழுப்பு மெதுவாக நாக்கில் இறங்குகிறது. சுஷி என்றாலே பச்சை மீன் என்று நினைப்பவர்கள் இதைச் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். தோக்கியோ சுஷி ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்தில் பிறந்தது. உப்பிடுவது, வினிகரில் போடுவது, சோயா சாஸில் ஊறவைப்பது, வேகவைப்பது என்று மீன் கெடாமலிருக்கக் கண்டுபிடித்த வழிகள்தான் இன்றைக்கு ருசியாக நிற்கின்றன.

ஜூலை 19, வெள்ளி

இன்று ஷிங்கோ. கோஹதாவின் குஞ்சு. விரல் நீளம்கூட இல்லை. ஒரு பிடி சோற்றின் மேல் இரண்டு மீனை மடித்து வைத்தார். வளர வளர இதற்குப் பெயர் மாறும்: ஷிங்கோ, கோஹதா, நகாசுமி, கொனோஷிரோ. பெரிதானால் விலை ஏறும் மீன்கள் உண்டு. இதற்கு இறங்கும். இவ்வளவு சின்ன மீனைத் தனித்தனியாகக் கீறி, முள் எடுத்து, உப்பிட்டு, கழுவி, வினிகரில் எத்தனை நிமிஷம் என்று மீனின் பருமனையும் அன்றைய வெக்கையையும் பார்த்து முடிவுசெய்ய வேண்டும். அந்த வேலைக்குக் கொடுக்கிற காசு எனக்குப் பெரிதாகவே தோன்றவில்லை.

பக்கத்து நாற்காலித் தாத்தா ஒரு பழைய கதை சொன்னார். போருக்குப் பின் அரிசித் தட்டுப்பாடு. 1947-ல் சாப்பாட்டுக் கடைகளை அரசாங்கம் நிறுத்திவைத்தது. தோக்கியோ சுஷிக்காரர்கள் பேசி ஒரு வழி வாங்கினார்கள்: ஆள் ஒரு கோ அரிசி, அதாவது சுமார் 180 மில்லி, கொண்டுவந்தால் பத்துச் சுஷி பிடித்துக் கொடுத்துக் கூலி மட்டும் வாங்குவது. அரிசிப் பையோடு அம்மா கையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றதாகச் சொன்னார்.

ஜூலை 24, புதன்

கடை லீவு. தொயோசு மீன் சந்தைக்குப் பல புதன்கிழமைகள் விடுமுறை என்பதால் இவர்களுக்கும் புதன்தான். எதிர்வீட்டு வாசலில் கழுவித் துடைத்த கறுப்பு வட்டப் பாத்திரம் இருந்தது. நேற்று இரவு கடையிலிருந்து அதில்தான் சுஷி போயிருக்கிறது. கடைக்காரர்கள் வந்து எடுத்துக்கொள்வார்கள்.

ஆகஸ்ட் 3, சனி

மதுரையிலிருந்து வந்திருக்கும் அம்மாவைக் கூட்டிப் போனேன். அம்மா சுத்த சைவம். முன்னாடியே போய்ச் சொல்லிவைத்திருந்தேன். தாய்ஷோ வேறு பலகை, வேறு கத்தி எடுத்து வைத்திருந்தார். மீன் சாறு சேர்ந்த மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) சூப்பை அவராகவே நிறுத்திவிட்டார்.

அகன்ற மரத்தொட்டியில் சுடுசோற்றைக் கொட்டி, வினிகரை ஊற்றிக் கிளறி, விசிறியால் ஆற்றினார். அம்மா எழுந்து நின்று பார்த்தாள். “புளியோதரைக்குத் தாம்பாளத்துல ஆறப்போடுவோம்ல, அதே பதம்.”

வெள்ளரிக்காய் சுருள் முதலில். அடுத்தது கான்ப்யோ: பழுப்பு நிறத்தில், இனிப்பும் உப்பும் ஏறிய ஏதோ ஒன்று சோற்றுக்குள். அம்மா இரண்டாவது துண்டை வாயில் வைத்ததும் கேட்டாள்: “இது சுரைக்காய்தானே?” சுரைக்காயேதான். தொச்சிகி மாவட்டத்தில் நாடா மாதிரி நீளமாகச் சீவி வெயிலில் காயவைக்கிறார்கள். இங்கே ஊறவைத்து வேகவைத்து, சோயா சாஸிலும் சர்க்கரையிலும் சுண்டவிடுகிறார் தாய்ஷோ. நான் மொழிபெயர்த்ததும் அவர் கைவேலையை நிறுத்திவிட்டு, “ஒகாசான்!” (அம்மா!) என்று அம்மாவுக்குத் தலை தாழ்த்தினார். அம்மா கை கூப்பினாள்.

ஆகஸ்ட் 31, சனி

அம்மா ஊருக்குப் போய் இரண்டு வாரம். காலையில் போனில், மாடியில் சுரைக்காய் காயப்போட்டிருப்பதாகச் சொன்னாள். ராத்திரி கடையில் சொன்னேன். தொச்சிகியில் இரண்டு நாள் வெயில் வேண்டுமாம். மதுரையில் எத்தனை நாள் என்று தாய்ஷோ கேட்டார். கடையிலிருந்தே அம்மாவுக்குப் போன் போட்டேன்.

“ஒரு நாள் போதும்னு சொல்லு. மொறுமொறுன்னு ஆயிருச்சு.”