வீடியோவை எங்கே நிறுத்துவது?

5 நிமிட வீடியோவுக்கு வகுப்பில் 5 நிமிடம்தான் ஒதுக்க முடியும் என்றால், அதைப் போடாமலே இருந்துவிடலாம். குறைந்தது 15 நிமிடம் வேண்டும். மீதி 10 நிமிடம் படம் நின்றிருக்கும். மாணவர்கள் யோசிப்பதும் எழுதுவதும் பக்கத்திலிருப்பவரோடு மல்லுக்கு நிற்பதும் அப்போதுதான். ஆகவே ஒரு வீடியோ பாடத்துக்கு ஆகுமா என்று பார்க்கும்போது, கிராஃபிக்ஸ் எப்படி, குரல் எப்படி என்பதற்கெல்லாம் முன்னால் ஒரே கேள்விதான்: இதை எந்த விநாடியில் நிறுத்தலாம், நிறுத்தி என்ன கேட்கலாம்? அப்படி 2 இடம்கூடத் தேறாவிட்டால், அது வீட்டில் ரசித்துப் பார்க்க வேண்டிய வீடியோ. வகுப்புக்கு வேண்டாம்.

'6 நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது' என்று ஆசிரியர் பயிற்சிகளில் சொல்வார்கள். அந்தக் கணக்கின் மூலம் 2014-ல் வந்த ஓர் ஆய்வு. பிலிப் குவோ, ஜூஹோ கிம், ராப் ரூபின் மூவரும் எட்எக்ஸ் என்ற இணையவழிப் பாடத் தளத்தின் 4 பாடங்களில் 69 லட்சம் பார்வைப் பதிவுகளை அலசினார்கள். வீடியோ எவ்வளவு நீளமானாலும், பார்ப்பவர்கள் அதில் செலவிட்ட நேரத்தின் இடைநிலை அளவு 6 நிமிடத்தைத் தாண்டவில்லை. ஆனால் அவர்கள் தனியாகத் திரைமுன் உட்கார்ந்தவர்கள். சலித்தால் மூடிவிட்டு எழுந்து போகலாம். வகுப்பில் இருக்கும் 15 வயதுப் பிள்ளையால் எழுந்து போக முடியாது. உடம்பு பெஞ்சில் இருக்கும், மனசு போய்விடும். அதற்கு நீளத்தைக் குறைப்பது மட்டும் மருந்து ஆகாது.

ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் டேனியல் ஷாக்டரும் உடன் ஆய்வாளர்களும் 2013-ல் வெளியிட்ட சோதனை இதற்கு நேரடி விடை தருகிறது. 21 நிமிடப் புள்ளியியல் விரிவுரை ஒன்றை 4 துண்டாக்கினார்கள். ஒவ்வொரு துண்டுக்குப் பின்னும் சின்னத் தேர்வு எழுதியவர்களுக்கு மனம் அலைபாய்வது குறைந்தது, குறிப்பு எடுப்பது கூடியது, இறுதித் தேர்விலும் அவர்களே மேலே வந்தார்கள். ரிச்சர்ட் மேயரும் பால் சாண்ட்லரும் 2001-ல், மின்னல் உருவாவதைக் காட்டும் வெறும் 140 விநாடிப் படத்தை 16 துண்டாக்கி, அடுத்த துண்டுக்குப் போகும் பொத்தானைப் பார்ப்பவர் கையில் கொடுத்துப் பார்த்தார்கள். படம் அதேதான், சொற்களும் அவையேதான். கற்றதைப் புதிய கேள்விக்குப் பொருத்திப் பார்க்கும் தேர்வில், துண்டு துண்டாகப் பார்த்தவர்கள் நன்றாகச் செய்தார்கள்.

சரி, நிறுத்துவது என்றால் எப்படி? தடையின்றி விழும் பந்தை எடுத்துக்கொள்வோம். செங்குத்தாக நிறுத்திய 1 மீட்டர் அளவுகோலுக்குப் பக்கத்தில் பந்தை விடும் வீடியோ, விநாடிக்கு 30 ஃபிரேம், அதாவது 30 தனித்தனி நிலைப்படம். விழ ஆகும் நேரம் மொத்தமே 0.45 விநாடி, அதாவது 13, 14 ஃபிரேம்.

முதல் நிறுத்தம், கை பந்தை விடுவதற்கு முன். "முதல் 0.1 விநாடியில் பந்து ஏறக்குறைய 5 செ.மீ. இறங்குகிறது. அடுத்த 0.1 விநாடியில் எவ்வளவு இறங்கும்? நோட்டில் ஒரு எண் எழுதுங்கள்." 5 என்று எழுதுபவர்கள் இருப்பார்கள், 10 என்று எழுதுபவர்கள் நிறைய இருப்பார்கள். எழுத வைப்பது முக்கியம். வாயால் கேட்டால் முன்வரிசையில் ஒருவர் சொல்வதே வகுப்பின் பதிலாகிவிடும். எழுதிய எண்ணை யாரும் பின்வாங்க முடியாது.

பிறகு 3 ஃபிரேம், 3 ஃபிரேமாக நகர்த்துங்கள். 3 ஃபிரேம் என்பது 0.1 விநாடி. யூடியூபில் படத்தை நிறுத்திவிட்டு முற்றுப்புள்ளி விசையை அழுத்தினால் ஒரு ஃபிரேம் முன்னே போகும், காற்புள்ளி விசை ஒரு ஃபிரேம் பின்னே. விஎல்சி பிளேயரில் ஒரு ஃபிரேம் முன்னே போக ஆங்கில E விசை. அளவுகோலில் 4.9, 19.6, 44.1, 78.4 என்று வரும். ஒவ்வொரு 0.1 விநாடியிலும் இறங்கிய தூரம் 4.9, 14.7, 24.5, 34.3. இங்கே இரண்டாவது நிறுத்தம்: "இந்த நான்கு எண்களில் ஏதாவது ஒழுங்கு தெரிகிறதா?" அடுத்தடுத்த எண்களைக் கழித்தால் எல்லாம் 9.8. முதல் எண்ணால் வகுத்தால் 1, 3, 5, 7. கலிலியோ கண்ட ஒற்றைப்படை வரிசை. சமன்பாட்டைக் கரும்பலகையில் எழுத இதைவிட நல்ல தருணம் அமையாது.

நடைமுறையில் இவ்வளவு சுத்தமாக வராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பந்தை விட்ட கணம் இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவில் விழுந்திருக்கும், அதனால் முதல் அளவு பெரும்பாலும் பிசகும். அளவுகோல் பந்துக்குப் பின்னால் தள்ளி இருந்தால் கேமராவின் பார்வைக் கோணத்தால் அளவு மாறும். இரண்டும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும், கேமரா 2, 3 மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். வெளிச்சம் போதாத அறையில் எடுத்திருந்தால் பந்து கோடாக இழுபடும்: 0.4-வது விநாடியில் வேகம் விநாடிக்கு 3.9 மீட்டர், ஷட்டர் 1/60 விநாடி திறந்திருந்தால் அதற்குள் பந்து 6.5 செ.மீ. நகர்ந்துவிடும். ஃபோன்கள் ஃபிரேம் வேகத்தைத் தாமாகவே கூட்டிக் குறைப்பதும் உண்டு; '3 ஃபிரேம் = 0.1 விநாடி' என்ற கணக்கே அப்போது உடைந்துவிடும். 240 ஃபிரேம் ஸ்லோ மோஷனில் எடுத்தது என்றால் இன்னொரு பொறி: திரையில் ஓடும் 1 விநாடி நிஜத்தில் 1/8 விநாடி, சில ஃபோன்கள் தொடக்கத்தையும் முடிவையும் சாதாரண வேகத்திலேயே விட்டுவிடும். இந்தப் பிழைகளைப் பாடமாக்கவும் செய்யலாம். 'முதல் அளவு ஏன் 4.9 இல்லை?' என்பது அருமையான மூன்றாவது கேள்வி.

கேள்வியை விளக்கத்துக்கு முன்னால் கேட்பதா, பின்னால் கேட்பதா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முன்னால்தான். டெரெக் முல்லர், பின்னாளில் யூடியூபில் வெரிட்டாசியம் என்ற அறிவியல் சேனலைத் தொடங்கியவர், 2008-ல் சிட்னி பல்கலைக்கழகத்தில் செய்த முனைவர் பட்ட ஆய்வு இதைப் பற்றியதுதான். இயற்பியலைத் தெளிவாக, நேராக விளக்கிய வீடியோவைப் பார்த்தவர்கள் "நன்றாகப் புரிந்தது" என்றார்கள்; தேர்வில் முன்னேற்றம் மிகக் குறைவு. தவறான எண்ணங்களை வெளிப்படையாகப் பேசி, பிறகு அவற்றை உடைத்த வீடியோவைப் பார்த்தவர்கள் "குழப்பமாக இருந்தது" என்றார்கள். மதிப்பெண் அவர்களுக்கே கூடியது. தெளிவான விளக்கத்தைக் கேட்கும்போது மாணவர் தன் பழைய எண்ணத்தையே அது உறுதிப்படுத்துவதாக எடுத்துக்கொள்கிறார். தலையாட்டலை நம்பி அடுத்த பாடத்துக்குப் போனால் மாட்டிக்கொள்வது நாம்தான்.

பருவங்கள் பாடம் இதற்கு நல்ல உதாரணம். "கோடையும் குளிரும் ஏன் வருகின்றன?" என்று முதலில் எழுதச் சொல்லுங்கள். 'சூரியனுக்கு அருகில் போவதால் கோடை' என்ற பதில் நிச்சயம் வரும். பிறகு ஒரு தகவல்: பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரியில், ஏறத்தாழ 14.7 கோடி கி.மீ.; மிகத் தொலைவில் இருப்பது ஜூலையில், 15.2 கோடி கி.மீ. வடகோளத்துக்கு ஜனவரி குளிர்காலம். முகங்கள் மாறும். அந்த நேரத்தில் வீடியோவை ஓட விடுங்கள். கூடவே ஓர் எச்சரிக்கை: பல அனிமேஷன்களில் பூமியின் பாதை முட்டை போல நீண்டிருக்கும். உண்மையில் அது வட்டத்துக்கு மிக நெருக்கமானது. அந்த முட்டைதான் தவறான எண்ணத்தையே ஊட்டி வளர்க்கிறது, அப்படிப்பட்ட வீடியோவை ஒதுக்கிவிடுங்கள், அல்லது "இந்தப் படத்தில் என்ன தப்பு?" என்று கேட்பதற்காகவே போடுங்கள். செல்லுக்குள் மூலக்கூறுகள் வழி தெரிந்ததுபோல நேராகத் தம் இடத்துக்குப் போய்ச் சேரும் அனிமேஷன்களும் இதே ரகம். நிஜத்தில் அங்கே நடப்பது மோதலும் தள்ளாட்டமும்.

செல் பிரிதல் போன்றவற்றுக்கு இன்னொரு வழி இருக்கிறது: சத்தத்தை அணைத்துவிட்டு ஓட்டுவது. முதல் முறை பார்க்கட்டும். இரண்டாம் முறை, இருவர் இருவராக, ஒருவர் பார்த்துப் பார்த்து வர்ணனை சொல்லட்டும். குரோமோசோம்கள் நடுவில் வரிசைகட்டும் இடத்தில் நிறுத்தி, ஆளை மாற்றுங்கள். மூன்றாம் முறைதான் ஒலியோடு. சொல் தெரியாமல் திணறிய இடத்தில் அந்தச் சொல் காதில் விழுந்தால் ஒட்டிக்கொள்ளும்.

வீடியோ ஓடும்போது பேனா கீழே இருக்கட்டும். ஓடும் படத்தைப் பார்த்துக்கொண்டே குறிப்பெடுக்கச் சொன்னால், எழுதக் குனியும் நேரத்தில் முக்கியமான காட்சி போய்விடும். எழுதுவதெல்லாம் நிறுத்தங்களில்.

கையில் செய்ய முடிவதை வீடியோவில் காட்டாதீர்கள். குவிலென்ஸால் ஜன்னலின் பிம்பத்தை வெள்ளைத்தாளில் விழச் செய்ய 2 நிமிடம் போதும். ஆபத்தானது, கண்ணுக்கு அகப்படாத வேகம், நாள்கணக்கில் நடப்பது, மிகச் சிறியது, மிகப் பெரியது: இவற்றுக்குத்தான் திரை.

சாதனங்கள் காலை வாரும் இடங்கள் எப்போதும் ஒன்றேதான். ஹெச்டிஎம்ஐ கேபிளைச் செருகியதும் மடிக்கணினி ஒலியைப் புரொஜெக்டருக்கு அனுப்பிவிடும். புரொஜெக்டரில் ஸ்பீக்கர் இல்லையென்றால் நிசப்தம். ஒலி அமைப்பில் ஸ்பீக்கரை மீண்டும் தேர்ந்தெடுத்தால் சரியாகும். ஃபோனில் எடுத்த வீடியோ பழைய கணினியில் ஒலி மட்டும் வந்து படம் கறுப்பாக இருந்தால், அது பெரும்பாலும் ஹெச்.265 என்ற வீடியோ சுருக்க வடிவம், ஃபோன் அமைப்பில் ஹெச்.264-க்கு மாற்றிவிட்டு எடுங்கள். தானாக அடுத்த வீடியோ ஓடும் வசதியை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பாடத்தின் முடிவுரையை யூடியூபே சொல்லிவிடும். கடைசி பெஞ்சுக்கும் திரைக்கும் 9 மீட்டர் என்றால், படத்தின் உயரம் அதில் ஆறில் ஒரு பங்காவது, 1.5 மீட்டர், இருக்க வேண்டும். எப்படியும் ஒரு முறை கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து பாருங்கள்.

வீட்டில் பார்த்துவரச் சொல்லும் முறையை 2007 வாக்கில் கொலராடோவில் ஜொனாதன் பெர்க்மன், ஆரன் சாம்ஸ் என்ற இரு வேதியியல் ஆசிரியர்கள் பரவலாக்கினார்கள். எல்லாரும் பார்த்துவர மாட்டார்கள் என்பதுதான் அதன் முதல் சிக்கல். பார்க்காதவர்களுக்காக வகுப்பில் மறுபடி விளக்காதீர்கள். விளக்கினால் பார்த்துவந்தவர்களும் அடுத்த முறை பார்க்க மாட்டார்கள். பார்க்காதவர்கள் அறையின் ஓரத்தில் உட்கார்ந்து இப்போது பார்க்கட்டும், மற்றவர்கள் கணக்கைத் தொடங்கட்டும். பார்த்தார்களா என்று அறிய, படத்தைப் பார்த்தால் மட்டுமே சொல்லக்கூடிய ஒரு கேள்வி போதும்: "3:10-ல் வெப்பமானி காட்டிய அளவு என்ன?" டேட்டாவும் ஒரு தடை. 5 நிமிட வீடியோ 1.5 எம்பிபிஎஸ் (விநாடிக்கு மெகாபிட்) வேகத்தில் ஏறத்தாழ 56 எம்பி வரும், 0.7 எம்பிபிஎஸ் ஆக்கினால் 26 எம்பி. எழுத்து பெரிதாக இருந்தால் அதுவே போதும்.

சொந்தமாக எடுப்பதென்றால் ஃபோனை மேலிருந்து தாளைப் பார்க்கும்படி வைத்து, கையால் எழுதிக்கொண்டே பேசுங்கள். குவோ குழுவின் பதிவுகளிலும் ஸ்லைடுகளைவிட எழுதிக் காட்டும் வீடியோக்களே பார்ப்பவரைப் பிடித்து வைத்தன. வெளிச்சம் எழுதும் கைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து வரட்டும். திரையை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்ச அளவையும் பூட்டிவிடுங்கள். பூட்டாவிட்டால் கை உள்ளே வந்து போகும்போதெல்லாம் தாள் மங்கி மங்கி வெளுக்கும். மைக் வாயிலிருந்து 15, 20 செ.மீ. தூரத்தில், மின்விசிறி அணைந்திருக்க வேண்டும். படம் சுமாராக இருந்தால் மாணவர்கள் பொறுத்துக்கொள்வார்கள், ஒலி சுமாராக இருந்தால் மூடிவிடுவார்கள். பின்னணி இசை வேண்டவே வேண்டாம். 'நேற்று பார்த்தோமே' என்று பேசினால் அடுத்த ஆண்டு அந்த வீடியோ உதவாது.

பாடம் முடிந்த ஒரு வாரம் கழித்து, வீடியோ இல்லாமல், அதே கேள்வியை எண் மாற்றிக் கேளுங்கள். எந்த நிறுத்தம் வேலை செய்தது என்பது அப்போதுதான் தெரியும். தெரிந்ததைக் கோப்பின் பெயரிலேயே எழுதிவைக்கலாம்: 'தடையற்ற விழுதல் – 0:12 ஊகம், 0:14 வித்தியாசம், 0:40 வேண்டாம்'.