ஏலகிரி வளைவில் உள்ளே போன பிரேக் பெடல்

போன மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஏலகிரியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். முன் சீட்டில் அம்மா. பின்னால் அக்காவும் அவள் பிள்ளைகள் இருவரும். டிக்கியில் மலையில் வாங்கிய இரண்டு பலாப்பழங்கள். முன்னால் ஒரு டூரிஸ்ட் வேன் மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்ததால், மூன்றாவது கியரில் வண்டியைப் போட்டுவிட்டு மேலேயிருந்தே பிரேக்கில் கால் வைத்தபடி வந்தேன்.

அந்தச் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் தமிழ்ப் புலவர், வள்ளல் என்று ஒரு பெயர்ப் பலகை உண்டு. பிள்ளைகள் அதை உரக்கப் படித்துக்கொண்டே வந்தார்கள். பாதிக்கு மேல் கடந்திருப்போம். அடுத்த வளைவுக்குப் பிரேக்கை அழுத்தினேன். வழக்கமாகக் கால் நிற்கும் இடத்தில் நிற்கவில்லை. பஞ்சு மூட்டையை மிதித்தது போல உள்ளே போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் தரையைத் தொட்டது. வண்டி வேகம் குறையவே இல்லை.

அந்த நேரத்தில் செய்ததைச் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். பெடலை விட்டு விட்டு நாலைந்து முறை வேகமாக மிதித்தேன். கொஞ்சம் பிடித்தது. உடனே இரண்டாவது கியர், வேகம் குறைந்ததும் முதல் கியர். இன்ஜின் உறுமியது, உறுமட்டும் என்று விட்டேன். கை பிரேக்கின் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தேன். ஒரே இழுப்பாக இழுத்தால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுற்றிவிடும். கை பிரேக் கேபிளில் வேலை செய்வது, பிரேக் ஆயிலை நம்பி இல்லை. அது இருந்ததால்தான் மலைப் பக்கமாக ஒதுக்கி வண்டியை நிறுத்த முடிந்தது. அக்கா இறங்கிச் சக்கரத்துக்கு அடியில் கல் வைத்தாள். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குக் கை நடுக்கம் நிற்கப் பத்து நிமிடம் ஆனது.

முன் சக்கரங்களிலிருந்து கருகிய வாடை. முக்கால் மணி நேரம் மர நிழலில் உட்கார்ந்திருந்தோம். அப்புறம் பெடலை மிதித்துப் பார்த்தால், ஒன்றுமே நடக்காதது போலக் கல்லு மாதிரி நின்றது! இந்தக் கோளாறில் மனிதனை ஏமாற்றுவது இதுதான் என்று பின்னால்தான் புரிந்தது. முதல் கியரிலேயே மலையடிவாரத்தில் இருக்கும் பொன்னேரி வரை இறங்கினேன். அங்கே ஒரு மெக்கானிக்கிடம் காட்டினோம். அவர் பானெட்டைத் திறந்தார், ஆயில் டப்பாவைப் பார்த்தார், நாலு சக்கரத்திலும் ஒழுகல் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார், பெடலை மிதித்தார். "ஆயில் ஃபுல்லா இருக்கு, பெடல் நல்லா இருக்கு. பயந்துட்டீங்க போல, ஒண்ணும் இல்ல" என்றார். அவர் பார்த்த வரைக்கும் பொய்யில்லை. அளவு சரியாகத்தான் இருந்தது. அம்மாவையும் அக்காவையும் பிள்ளைகளையும் வாணியம்பாடியில் பஸ் ஏற்றிவிட்டு, ஆம்பூர், பள்ளிகொண்டா வழியாக நாற்பதைத் தாண்டாமல் நான் மட்டும் வேலூர் வந்து சேர்ந்தேன்.

மறுநாள் காலை தொரப்பாடிப் பக்கம் இருக்கும் ஒரு மெக்கானிக்கிடம் போனேன். எங்கள் தெருவில் எல்லோரும் அவரை பாய் என்றுதான் கூப்பிடுவோம். நடந்ததைக் கேட்டுவிட்டு, வண்டியைத் தொடுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பிரேக் ஆயில் எப்ப மாத்துனீங்க?"

"அளவு கரெக்டா இருக்கு பாய்."

"அளவு இல்ல. எப்ப மாத்துனீங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. வண்டி 2015 மாடல். நான்கு வருடத்துக்கு முன் மாமாவிடமிருந்து வாங்கியது. அதுவரை சர்வீஸுக்கு விட்ட ஒர்க்ஷாப்பின் பில்களை டேஷ்போர்டிலிருந்து எடுத்தேன். மூன்று பில்லில் "பிரேக் ஆயில் டாப் அப்" என்று இருந்தது. மாற்றியதாக ஒன்றில்கூட இல்லை. இன்ஜின் ஆயிலைத் தவறாமல் மாற்றியவர்கள், என் குடும்பத்தை நிறுத்த வேண்டிய ஆயிலின் வயதை ஒரு முறைகூடக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம் அது.

பாய் மூடியைத் துடைத்துவிட்டுத் திறந்தார். பேனா போன்ற ஒரு டெஸ்டரை உள்ளே விட்டார், சிவப்பு விளக்கு எரிந்தது. சிரிஞ்சில் கொஞ்சம் உறிஞ்சிக் கண்ணாடி டம்ளரில் விட்டார். புது பிரேக் ஆயில் தேன் கலந்த தண்ணீர் போல லேசான மஞ்சளாக இருக்கும். இது காபி டிகாக்‌ஷன் நிறம். நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது, நிறம் தெளிவாக இருக்கிற ஆயிலிலும் தண்ணீர் ஏறியிருக்கும் என்றார் பாய்.

தண்ணீரா? மூடி போட்ட டப்பாவுக்குள் தண்ணீர் எங்கிருந்து வந்தது? நான் கேட்டதற்கு அவர் சொன்னதையும், பிறகு வண்டிக் கையேட்டைப் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். நாம் ஆயில் என்று சொன்னாலும் இது எண்ணெய் வகை இல்லை, கிளைக்கால் என்ற ரசாயனம் சேர்ந்த திரவம். காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்வது இதன் குணம். ஐப்பசி மழையில் உப்பு ஜாடி கசியுமே, அப்படி. சக்கரத்துக்குப் போகும் ரப்பர் ஹோஸ் வழியாகவும் டப்பா மூடியில் இருக்கும் சிறு காற்றுத் துளை வழியாகவும் வருடக்கணக்கில் ஈரம் ஏறிக்கொண்டே இருக்கும். வண்டி ஓடினாலும் ஏறும், ஷெட்டில் நின்றாலும் ஏறும். என் வண்டி ஒன்பது வருடத்தில் ஓடியது வெறும் 61,000 கிலோமீட்டர். குறைவாகத்தானே ஓடியிருக்கிறது என்ற நினைப்பு இங்கே செல்லாது.

ஈரம் ஏறினால் என்ன ஆகும்? கொதிநிலை இறங்கிவிடும். டாட் 4 வகை ஆயில், புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 155 டிகிரி. டாட் 3 என்றால் 205, ஈரம் ஏறியபின் 140. நம் ஊர் வெயில் 42 டிகிரி அடித்தாலும் அதனால் ஆயில் கொதித்துவிடாது. ஆனால் மலை இறக்கத்தில் விடாமல் பிரேக் பிடித்தால் சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க் என்ற தட்டு சில நூறு டிகிரிக்குச் சூடாகும். அந்தச் சூடு டிஸ்க்கைக் கவ்வும் பேட் வழியாக, பேட்டைத் தள்ளும் பிஸ்டன் வழியாக ஆயிலுக்கு வருகிறது. கொதித்து ஆவிக் குமிழி உண்டாகிறது. திரவத்தை அமுக்கினால் அமுங்காது, அதனால்தான் கால் கொடுக்கும் அழுத்தம் அப்படியே சக்கரத்துக்குப் போகிறது. ஆவி அமுங்கும். நான் மிதித்ததெல்லாம் அந்தக் குமிழிகளை அமுக்குவதிலேயே தீர்ந்துபோனது. முக்கால் மணி நேரத்தில் ஆறியதும் ஆவி மறுபடி திரவமானது, பெடல் திரும்பி வந்தது. பொன்னேரி மெக்கானிக் பார்த்தது அந்தப் பெடலைத்தான்.

இன்னொன்றையும் பாய் பிரித்துச் சொன்னார். பெடல் கெட்டியாகவே இருந்து, வண்டி மட்டும் நிற்காமல் போனால் அது பேட் சூடேறிப் பிடிமானம் இழந்தது. பெடலே உள்ளே போனால் ஆயிலைப் பார்க்க வேண்டும். எனக்கு இரண்டும் சேர்ந்தே நடந்திருந்தது. முன் பேட்கள் பளபளவென்று கண்ணாடியாகியிருந்தன.

அப்புறம் டாப் அப். பேட் தேயத் தேய, பிஸ்டன் வெளியே நகரும், அந்த இடத்தை நிரப்ப டப்பாவில் ஆயில் இறங்கும். அளவு குறைந்தால் பேட் தேய்ந்திருக்கிறது, இல்லையென்றால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். சும்மா ஊற்றி நிரப்பினால் வண்டி சொல்ல வந்ததைச் சொல்லவிடாமல் வாயைப் பொத்திவிடுகிறோம். ஈரம் குடித்த பழைய ஆயிலின் மேல் நாலு சொட்டுப் புது ஆயில் விட்டால் அது புதிதாகவும் ஆகாது.

வேலை அன்று காலை பத்தரைக்குத் தொடங்கி மாலை நான்கு வரை போனது. முதலில் முன் பேட் மாற்றினார். பிறகு பின் டிரம்களைக் கழற்றினார். இடது பக்க வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை நெம்பியபோது உள்ளே துருவும் ஈரமும். வெளியே ஒரு சொட்டு விழவில்லை, உள்ளேயே கசிந்துகொண்டிருந்திருக்கிறது. கொதிப்பது ஒரு ஆபத்து என்றால், ஆயிலில் ஏறிய ஈரம் உள்ளிருந்தே இரும்பைத் தின்பது இன்னொன்று. அந்தச் சிலிண்டரையும் மாற்றினோம். வலது பக்கம், ஆயிலை வெளியே விடத் திறக்கும் நிப்பிள் என்ற சிறு திருகு துருப்பிடித்து அசையவில்லை. பாய் அவசரப்படவில்லை. துரு இளக்கும் ஸ்பிரே அடித்து, சுத்தியலால் லேசாகத் தட்டித் தட்டி, அரை மணி நேரம் விட்டுத்தான் ரிங் ஸ்பேனர் போட்டார். பலம் காட்டினால் நிப்பிள் உடைந்து செலவு இரண்டு மடங்காகியிருக்கும்.

ஆயில் வாங்க என்னையே அனுப்பினார். மூடியில் எழுதியிருப்பதைப் பார்த்து அதே வகை, சீல் உடையாத அரை லிட்டர் பாட்டில் இரண்டு. டாட் 5 என்று போட்டதை எடுத்துவிடாதீர்கள் என்று மூன்று முறை சொன்னார். அது சிலிக்கான் வகை, இதோடு சேராது. ஷெட் அலமாரியில் பாதி தீர்ந்த பாட்டில் ஒன்று இருந்தது, அதை அவர் தொடவில்லை. திறந்து வைத்த பாட்டிலும் ஈரம் குடிக்கும் அல்லவா.

அவரிடம் வேலை செய்யும் பையன் அன்றைக்கு லீவு. "நீங்களே மிதிங்க" என்று என்னை டிரைவர் சீட்டில் உட்காரவைத்தார். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையைப் போட்டார். பழைய வண்டியில் பெடலைத் தரைவரை அழுத்தினால், மிதிக்கும் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டரின் வாசர், வழக்கமாகப் போகாத துருப்பிடித்த இடத்தில் உரசிக் கிழிந்துவிடும், அதற்காக. டப்பாவில் இருந்த பழையதை உறிஞ்சிவிட்டுப் புதியதை ஊற்றினார். பின் இடது சக்கரத்தில் தொடங்கினோம், மாஸ்டர் சிலிண்டருக்கு அதுதான் தூரம். நிப்பிளில் உள்ளே ஓடுவது தெரியும் ஒரு பிளாஸ்டிக் குழாய் மாட்டி, மறு முனையைப் பாட்டிலில் விட்டார்.

"மிதிங்க… புடிங்க." நிப்பிள் திறக்கும், காலுக்கு அடியில் பெடல் இறங்கும். நிப்பிளை மூடிவிட்டு "விடுங்க" என்பார். அவர் மூடும் முன் காலை எடுத்தால் குழாய் வழியாகக் காற்று உள்ளே போய்விடும். அதனால் அந்தக் குரலுக்காகவே காத்திருந்தேன். டப்பாவில் ஆயில் தீரவே கூடாது என்று நாலைந்து மிதிக்கு ஒரு முறை எழுந்து வந்து பார்த்து ஊற்றினார். குழாயில் முதலில் கறுப்பாக வந்தது, பிறகு பழுப்பாக. நடுவில் சின்னச் சின்னக் குமிழிகள். கடைசியில் தெளிந்த மஞ்சள். நான்கு சக்கரமும் முடிய என் தொடை வலி எடுத்தது. ஒரு சொட்டு ஃபெண்டரில் சிந்தியது, உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவினார். பெயிண்டைத் தின்றுவிடும். சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ் உள்ள சில வண்டிகளில் ஸ்கேனர் வைத்து அதன் பம்ப்பையும் ஓட்டித்தான் உள்ளே இருக்கும் பழையது வெளியேறும், உங்கள் வண்டிக்குத் தேவைப்படவில்லை என்றார்.

மொத்தம் 3,850 ரூபாய். அதில் பிரேக் ஆயிலுக்கு மட்டும் 640. என் வண்டிக் கையேட்டில் 2 வருடம் அல்லது 40,000 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அதற்கு மாற்ற வேண்டும் என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. நான்கு வருடமாக அந்தப் புத்தகம் என் முழங்காலுக்கு முன்னால் இருந்த அறையில்தான் கிடந்தது. இப்போது பானெட்டின் உள்பக்கம் மாற்றிய மாதமும் வருடமும் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

அன்று இரவு குடியாத்தத்தில் இருக்கும் மாமாவுக்கு போன் செய்தேன். ஏலகிரி திருப்பத்தூர் மாவட்டம் ஆகி இத்தனை வருடம் ஆகியும் எல்லாவற்றையும் வட ஆற்காடு என்றே சொல்கிறவர் அவர். முதலில் அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். பிறகு நான் கேட்டேன்.

"மாமா, நீங்க ஓட்டுனப்ப பிரேக் ஆயில் மாத்துனீங்களா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அது மாத்தணுமா? குறைஞ்சா ஊத்துவாங்களே."

"இப்ப இருக்கிற வண்டி வாங்கி எத்தனை வருஷம் ஆச்சு?"

"நாலு."

அவர் மகள் கல்யாணமாகிப் போனது ஏற்காட்டில். மாதம் ஒரு முறை மாமாவும் அத்தையும் அந்த மலையில் ஏறி இறங்குகிறார்கள். அடுத்த ஞாயிறு காலை வண்டியோடு தொரப்பாடிக்கு வருவதாகச் சொன்னார். பாயிடமும் சொல்லிவிட்டேன். பெடல் மிதிக்க நான் போனேன்.