ஒரே சீருடை, வேறு வேறு படிப்பு

ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறவர்களுக்கு நாங்கள் எல்லோருமே சிஸ்டர்தான். ஆனால் படிப்பு வேறு வேறு. கிராம சுகாதாரச் செவிலியர் அக்கா படித்தது ஏ.என்.எம். என்ற துணைச் செவிலியர், பேறுகாலப் பணிப் படிப்பு, இப்போதைய கணக்கில் இரண்டு ஆண்டு. நான் ஜி.என்.எம். என்ற பொதுச் செவிலியர், பேறுகாலப் பணி டிப்ளமோ; என் காலத்தில் மூன்றரை ஆண்டு, இப்போது மூன்று. புதிதாக வந்திருக்கும் தங்கை நான்கு ஆண்டு பி.எஸ்சி. நர்சிங் முடித்தவள். எனக்கும் அவளுக்கும் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வைப்பது ஒரே தேர்வு. வார்டிலும் ஒரே வேலை. அவளுக்கு மருந்தியல் கூடுதலாகத் தெரியும், எனக்குப் பிரசவ அறையில் கை பழகியிருக்கிறது. ஒன்றிரண்டு ஆண்டில் இந்த வித்தியாசம் கரைந்துவிடுகிறது.

அக்காவின் வேலைதான் முற்றிலும் வேறு. அவர் பார்த்துக்கொள்வது ஊரிலிருக்கும் துணை சுகாதார நிலையத்தை; அப்படி ஒரு நிலையத்துக்குச் சமவெளியில் 5,000 பேர், மலைப்பகுதியில் 3,000 பேர் என்பது கணக்கு. கர்ப்பப் பதிவு, தடுப்பூசி, பிரசவத்துக்குப் பிறகு வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. எனக்குச் சந்தேகம் வந்தால் டாக்டரைக் கூப்பிடலாம். அடுத்த ஷிஃப்டுக்கு ஆள் வரும். அவரோ யாரோ ஒருவர் வீட்டுத் திண்ணையில் தனியாக உட்கார்ந்து பிரஷர் பார்க்கிறார். 160/110 என்று ஆபத்தான அளவு காட்டுகிறது, பெண்ணுக்கு முகம் வீங்கியிருக்கிறது, தலைவலி என்கிறாள். உடனே அனுப்ப வேண்டும் என்ற முடிவை அவரே எடுக்கிறார். மாமியாரைச் சம்மதிக்க வைத்து 108-ஐ அழைப்பதும் அவரே. வலிப்பே வந்துவிட்டால், வலிப்பை அடக்கும் மக்னீசியம் சல்பேட் ஊசியின் முதல் டோஸை, இரண்டு பிட்டத்திலும் ஐந்தைந்து கிராம், போட்டு அனுப்ப வழிகாட்டு நெறிமுறை அவருக்கு அனுமதி தருகிறது. நாங்கள் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறோம். அவர் எழுதி அனுப்பும் தாய் சேய் அட்டையைப் படிக்காமலே, "ஏ.என்.எம்.தானே" என்று வார்டில் யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

1973-இல் மத்திய அரசின் கர்த்தார் சிங் குழு, ஒரே பணியாளர் பல சுகாதார வேலைகளையும் பார்க்கும் பல்நோக்குப் பணியாளர் திட்டத்தைப் பரிந்துரைத்தது. அதையொட்டி 1977-இல் ஏ.என்.எம். படிப்பு 18 மாதமாகக் குறைக்கப்பட்டது. வேலையைக் கூட்டிப் படிப்பைக் குறைத்ததில் அடி வாங்கியது பிரசவப் பயிற்சிதான். பின்னாளில் மீண்டும் இரண்டு ஆண்டாக்கினார்கள்.

"ஏ.என்.எம்.தானே" என்ற இளக்காரத்துக்கு மறுபக்கமும் இருக்கிறது. நான் முன்பு வேலை பார்த்த தனியார் மருத்துவமனையில், சம்பளம் குறைவு என்பதற்காக ஏ.என்.எம். படித்த பெண்களைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் நிறுத்தினார்கள். வென்டிலேட்டர் அவர்களுக்குக் கற்றுத்தரப்பட்ட விஷயமே அல்ல. இது நோயாளிக்கும் அநியாயம், அந்தப் பெண்களுக்கும் அநியாயம்.

பதிவு பெற்ற ஏ.என்.எம். ஒருவர் ஜி.என்.எம். சேர விதி இருக்கிறது. ஆனால் எத்தனை ஆண்டு ஊரில் உழைத்திருந்தாலும், பிளஸ் டூ முடித்து வந்த பிள்ளைகளோடு முதலாண்டில்தான் உட்கார வேண்டும். மகப்பேறு, சமூக சுகாதாரம் ஆகிய இரண்டு பாடங்களிலாவது அவருடைய பணிக்காலத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.