பேஜரிலிருந்து பாராமெடிக் வரை

அமெரிக்கத் தீயணைப்பு வீரர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். 1736-ல் பெஞ்சமின் பிராங்க்ளின் பிலடெல்பியாவில் யூனியன் ஃபயர் கம்பெனியைத் தொடங்கிய காலத்திலிருந்து வரும் மரபு இது. பிலடெல்பியா இருக்கும் அதே பென்சில்வேனியா மாநிலத்தில், ஒரு சிற்றூர் தீயணைப்பு நிலையத்தில் நானும் அப்படித்தான் சேர்ந்தேன். பகலில் அலுவலகம், இரவில் அவசர அழைப்பு வந்தால் ஒலிக்கும் பேஜர். ஃபயர்ஃபைட்டர் 1 என்ற அடிப்படைத் தீயணைப்பு வகுப்பை வார இறுதிகளில் முடித்தேன்.

தீயை விட அதிகமாகப் பார்த்தது மனிதர்களின் உடல் துன்பத்தைத்தான். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், சாலை விபத்து. நாட்டில் தீயணைப்புத் துறைகளுக்கு வரும் அழைப்புகளில் பாதிக்கு மேல் மருத்துவ உதவிக்கானவை. ஒரு வீட்டில் முதியவர் ஒருவருக்கு இதயம் நின்றுபோயிருந்தது. நாங்கள் மார்பை அழுத்திக்கொண்டிருந்தோம். ஆம்புலன்ஸில் உயர்நிலைச் சிகிச்சை தரும் பாராமெடிக் வந்த பிறகுதான் மருந்தும் ஊசியும் வந்தன. இதுவே என் முழுநேர வேலையாக வேண்டும் என்று அன்றுதான் முடிவெடுத்தேன்.

முதல் படி ஈ.எம்.டி. எனப்படும் அடிப்படை அவசர மருத்துவ உதவியாளர் பயிற்சி. 150 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குச் சான்றிதழ் தரும் தேசிய அமைப்பான நேஷனல் ரெஜிஸ்ட்ரியின் தேர்வு கணினியில் நடக்கிறது. சரியாக விடை சொல்லச் சொல்லக் கேள்வி கடினமாகும். 70-ஆவது கேள்விக்கும் 120-ஆவது கேள்விக்கும் இடையில் எப்போது வேண்டுமானாலும் நின்றுவிடும். திரை சட்டென்று அணைந்தால் அதை வைத்து எதையும் ஊகிக்காதீர்கள்.

பாராமெடிக் படிப்பு வேறு உலகம். ஆயிரம் மணி நேரத்தைத் தாண்டும். வகுப்பு, மருத்துவமனை, ஆம்புலன்ஸ் என மூன்று கட்டம். அறுவை அரங்கில் மயக்க மருத்துவர் பக்கத்தில் நின்று மூச்சுக்குழாயில் குழாய் செலுத்தப் பழகினேன். இசிஜி தாள்களை இரவெல்லாம் பார்த்தேன். மருந்தளவுதான் என்னை மிகவும் அச்சப்படுத்தியது. அட்ரினலினையே எடுத்துக்கொள்ளுங்கள்: இதயம் நின்ற பெரியவருக்குச் சிரை வழியே 1 மில்லிகிராம், 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை. குழந்தைக்குக் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். கடும் ஒவ்வாமை வந்த பெரியவருக்கோ தொடைத் தசையில் 0.3 முதல் 0.5 வரை, அதுவும் வேறு செறிவில். குடும்பமே அழுதுகொண்டிருக்கும் அறையில் இந்தக் கணக்கைத் தப்பில்லாமல் போட வேண்டும்.

கடைசிக் கட்டத்தில் பயிற்சியாளர் பின்னால் நின்றுகொள்வார், முடிவெல்லாம் மாணவருடையது. பாடம் தெரிந்த பலரும் திணறுவது இங்கேதான். தன்னார்வ நிலையம் எனக்குத் தந்த பெரிய சொத்து இந்தக் கட்டத்தில் புரிந்தது: அந்நியர் வீட்டுக்குள் நுழைந்து, குரலை உயர்த்தாமல், யார் எதைச் செய்ய வேண்டும் என்று சொல்லும் பழக்கம்.

தீயணைப்புத் துறையில் பாராமெடிக் வேலைக்கான தேர்வில் எழுத்து, நேர்காணல், பின்னணி விசாரணை, மருத்துவம், உளவியல் எல்லாம் உண்டு. சிபேட் எனப்படும் உடற்தகுதித் தேர்வைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன். 50 பவுண்டு எடையுள்ள அங்கி அணிந்து, 8 பணிகளை 10 நிமிடம் 20 விநாடிக்குள் முடிக்க வேண்டும். முதலில் வரும் படியேற்றத்துக்கு இன்னும் 25 பவுண்டு தோளில் ஏறும். 3 நிமிடம் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளாமல் ஏற வேண்டும். அதிலேயே கால்கள் துவண்டுவிட்டால் ஹோஸ் எனும் தண்ணீர்க் குழாயை இழுப்பது முதல் 165 பவுண்டு பொம்மையை இழுப்பது வரை எல்லாமே கனக்கும். ஓட்டப் பயிற்சி மட்டும் போதாது; எடை சுமந்து படியேறிப் பழகுங்கள்.

தேர்வான பிறகு மறுபடியும் தீயணைப்புப் பயிற்சி, இந்த முறை துறையின் அகாடமியில். தன்னார்வலராக இருந்ததால் விலக்கு எதுவும் கிடைக்கவில்லை. புதிதாகக் கற்பவர்போல நின்றால்தான் அங்கே மரியாதை என்பது என் கருத்து. இப்போது 24 மணி நேரம் பணி, 48 மணி நேரம் ஓய்வு.

பழைய நிலையத்தை விட்டது வலித்தது. கூட்டாட்சித் தொழிலாளர் சட்டப்படி, சம்பளம் தரும் அதே அரசுத் துறைக்கு அதே வேலையைத் தன்னார்வமாகச் செய்ய முடியாது. வேறு ஊர் நிலையம் என்றாலும் தொழிற்சங்கம் இரட்டைப் பணியை எதிர்க்கிறது. சேரும் முன்பே இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இதே வழியில் வர நினைப்பவர்கள் ஃபயர்ஃபைட்டர் 1, 2 சான்றிதழ்களைப் புரோ போர்டு அல்லது இஃப்சாக் என்ற அங்கீகார அமைப்புகளின் முத்திரையோடு வாங்குங்கள். மாநிலம் மாறினால் உதவும். ஈ.எம்.டி. முடித்த கையோடு பாராமெடிக்குக்குத் தாவாமல், ஆம்புலன்ஸில் கொஞ்ச காலம் ஓடுங்கள். சில துறைகள் வேலையில் சேர்த்த பிறகு தங்கள் செலவிலேயே பாராமெடிக் படிக்க அனுப்புகின்றன. கல்லூரிக்குக் கட்டணம் கட்டும் முன் அதை விசாரித்துவிடுங்கள்.